நாங்கள் இறைச்சி மாடு வளர்த்த வருடங்கள்

பிள்ளை, போன ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போய் வந்து உடுப்புக்கூட மாற்றவில்லை, நீ தொலைபேசி எடுத்தாய். "அப்பா, அடுத்த மாதம் அவையள் உங்களைப் பாக்க வருவினம். தென்மராட்சியிலை மாடு வளர்த்த கதையள் ஒண்டும் கதைக்காதேங்கோ. கடல் தொழில் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றாய். நான் "ஓம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். உன் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. எனக்கு அது விளங்கியது. உரும்பிராய்த் தோட்டக்காரக் குடும்பம், சைவ ஆட்கள், வீட்டில் முட்டைகூடப் புழங்காதவர்கள். மகன் ஒரு வேதக்காரப் பெண்ணைக் கட்டுவதையே இப்போதுதான் ஒருவாறு ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு மேல் பெண்ணின் தகப்பன் இறைச்சிக்கு மாடு வளர்த்தவன் என்று எப்படிச் சொல்வது என்று நீ யோசித்திருக்கிறாய். உன்னை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் சொன்ன அந்த "ஓம்" இந்த ஒரு கிழமையாக என்னை இருக்கவிடவில்லை. போனில் கதைக்கத் தொடங்கினால் எனக்கு எல்லாம் முறையாகச் சொல்ல வராது, உனக்கும் வேலைக்கு நேரமாகிவிடும். அதனால் எழுதுகிறேன். ஒரு லீவு நாளில் ஆறுதலாக இருந்து வாசி.

நீ பிறந்தது குருநகரில், எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்கு அடுத்த வருடம். அந்த நாட்களில் கடல் எங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்தது. முதலில் இருட்டினால் போகக்கூடாது என்றார்கள். பிறகு கரையிலிருந்து இவ்வளவு தூரம்தான் என்றார்கள். பிறகு போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. நான் கரையில் இழுத்து விட்ட வள்ளம் வெயிலில் காய்ந்து பலகை பிளந்துகொண்டிருந்தது. உனக்கு இரண்டு வயதில் எங்கள் ஒழுங்கையிலேயே ஷெல் விழத் தொடங்கியது. அப்போது பங்குச் சுவாமி தென்மராட்சியில் எங்கள் வேதக் கோயிலுக்குச் சொந்தமான ஒரு பனங்காணியைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கரையோரக் குடும்பங்கள் பன்னிரண்டுக்குக் கொடுத்தார். எங்களுக்குக் கிடைத்தது எட்டுப் பரப்பு, அரை ஏக்கர். நீ, நான், அம்மா, அம்மாவின் தம்பி சூசை மாமா, நான்கு பேரும் ஒரு லாண்ட் மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் போய் இறங்கினோம். சுற்றிவர இளம்பனை வடலியும் மணலும். காணியின் ஒரு பக்கம் உவர் பிடித்த புல்வெளி, அங்கே அதைத் தரவை என்பார்கள், கடல்நீரேரி வரைக்கும் விரிந்து கிடந்தது. தண்ணீரைப் பார்த்ததும் சூசை மாமா சிரித்தார். "அத்தான், முழங்கால் தண்ணி. இதுக்குள்ளை ஆமை கூடத் தாழாது" என்றார்.

கடல் தெரிந்தவனுக்குத் தோட்டம் தெரியாது. முதல் வருடம் வெங்காயம் வைத்து அழுகவிட்டேன். இரண்டாவது தரம் மிளகாய்க் கன்று நட்டேன், கன்றெல்லாம் கருகியது. காணியில் வெட்டிய கிணறு சவர், உப்புத் தண்ணீர். குடிதண்ணீருக்குப் பக்கத்து ஊருக்குத்தான் போகவேண்டும். அது தோட்டக்காரர்களின் ஊர், எல்லோரும் சைவர்கள், புகையிலையும் பால்மாடுமாக இருந்தவர்கள். எங்களை அவர்கள் விரட்டவில்லை, வரவேற்கவும் இல்லை. அங்கே ஒரு விசயத்தைக் கவனித்தேன். நாகு, பெண் கன்று பிறந்தால் அவர்களுக்குச் சந்தோசம். நாம்பன், ஆண் கன்று பிறந்தால் முகம் சுருங்கும். உழவுக்கு உழவு இயந்திரம் வந்துவிட்டது, வண்டில் வைத்திருப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். நாம்பனைக் கட்டிவைத்துத் தீனி போட்டு என்ன பயன்? விற்கவும் மனம் இல்லை, இறைச்சிக்குப் போகும் என்று தெரியும். அப்படி ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒருவர் என்னிடம் ஒரு கன்றின் கயிற்றை நீட்டினார். "வளர்க்கத்தானே?" என்று கேட்டார். "ஓம், வளர்க்கத்தான்" என்றேன். எங்கள் மாட்டுப் பண்ணை அந்த இரண்டு பேச்சில் தொடங்கியது. அதன்பிறகு வேலிக்கு மேலால் எத்தனையோ கயிறு கைமாறியது. ஒவ்வொரு தடவையும் அவர்கள் அதையே கேட்டார்கள், நானும் அதையே சொன்னேன். இரண்டு பேருக்கும் உண்மை தெரியும்.

மாடு வளர்ப்பைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்தவர் சரீபு நானா. யாழ்ப்பாணப் பட்டினத்தில் சந்தைக்குப் பக்கத்தில் இறைச்சிக்கடை வைத்திருந்த சோனகர், முஸ்லிம் மனிதர். மாதத்துக்கு ஒரு தரம் சைக்கிளில் இருபது மைல் மிதித்து வந்து மாடு பார்ப்பார். உனக்கு அவர் கொண்டு வரும் தொதல் இனிப்பு ஞாபகம் இருக்கலாம். வந்தவுடன் மாட்டின் முகத்தைப் பார்க்கமாட்டார். நேரே பின்பக்கம் போய் வாலடியில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். "இது இன்னும் மூண்டு மாசம் நிக்கட்டும் தம்பி. இப்ப எலும்புதான் கதைக்குது" என்பார். ஒரு வயதில் வாங்கு, மூன்று வயதுக்குப் பிறகு வைத்திருக்காதே, தின்னும் தீனி வீண். மாரியில் புல்லை மட்டும் நம்பாதே, வயிறு கழியும், வைக்கோல் கலந்து போடு. காயடிப்பதானால் பனிக்காலத்தில் அடி, இலையான் மொய்க்காது. விற்க முதல் ஒரு கிழமை மாட்டை நடக்கவிடாதே. இப்படி அவர் சொன்னதெல்லாம் எனக்கு இப்போதும் பாடம். நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று, முடிச்சு. மாடு எவ்வளவு இழுத்தாலும் இறுகாமல் நிற்கும் முடிச்சு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். வள்ளத்தைக் கட்டையில் கட்டும் முடிச்சு அது. "கடல்காரன் மாடு வளர்த்தா இப்பிடித்தான்" என்று சிரித்தார்.

அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது மணம். தை, மாசியில் வயல் அறுத்த பிறகு ஊர்க்காரர் அனுமதியோடு தாள் மேய விடுவோம். மாடு திரும்பி வரும்போது அதன் வாயில் பச்சை நெல்தாள் மணக்கும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் தரவை காய்ந்து செம்மண் நிறமாகிவிடும். அப்போது நானும் சூசை மாமாவும் பனை ஏறி ஓலை வெட்டிப் போடுவோம். அம்மா இருந்து ஈர்க்குப் பிரித்து, நார் நாராகக் கிழித்து, ஊறவைத்த பிண்ணாக்கில் பிசைந்து வைப்பா. அவவுடைய கைவிரல் எல்லாம் ஓலை வெட்டிய கோடு. ஆவணி பிறந்தால் உன்னுடைய காலம். விடிய எழும்பிக் கடகத்தோடு ஓடுவாய், விழுந்த பனங்காய் பொறுக்க. ஒவ்வொரு மாட்டுக்கும் எத்தனை காய் என்று நீதான் பங்கு வைப்பாய். மாடு சாறு வழிய வழியச் சூப்பும், நீ பக்கத்தில் குந்தியிருந்து உன் காயைச் சூப்புவாய். இரண்டு பேர் வாயும் மஞ்சள். அம்மா கண்டால் "மாட்டோடை மாடா நிக்கிறாள்" என்று பேசுவா. மாடுகளுக்குப் பெயர் வைக்கவேண்டாம் என்று நான் உனக்குச் சொல்லியிருந்தேன். நீ கேட்கவில்லை. ஒன்றை விற்ற அன்று உனக்குப் பொய் சொல்வேன், உழவுக்கு வன்னிக்குப் போகிறது என்று. அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். உனக்கு ஆறு வயதிலேயே உண்மை தெரிந்திருந்தது என்று அம்மா பிறகு சொன்னா.

ஊருக்குள் ஒரேயொரு ஆள் மட்டும் என்னிடம் "வளர்க்கத்தானே" என்று கேட்டதில்லை. அதுதான் சிவக்கொழுந்து அக்கா. தனிமனுசி, புருசன் செத்துக் கன காலம், பிள்ளைகள் இல்லை. மூன்று பசுவும் நாலு பரப்பில் புகையிலையும் அவருடைய உலகம். நாங்கள் குடிதண்ணீர் அள்ளியது அவருடைய கிணற்றில்தான். முதல் நாள் அம்மா குடத்தோடு படலை வாசலில் நின்றபோது, "உள்ளை வந்து அள்ளு பிள்ளை. துலா பாரம், பாத்து இழு" என்று சொன்னவர் அவர். அந்த ஊரில் அப்போது அது சின்ன விசயம் இல்லை. தன் வீட்டு நாம்பன் கன்றை எனக்குத் தந்தபோது என் கண்ணைப் பார்த்துச் சொன்னார், "தம்பி, இது எங்கை போகும் எண்டு எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடிக்க எனக்கு ஏலாது. அது இருக்குமட்டும் வயிறு நிறையப் போடு. அடிக்காதை. கொண்டு போற அண்டைக்கு என்ரை படலையாலை கொண்டு போகாதை." நான் தலையாட்டினேன். அவர் விடவில்லை. "எனக்கு ஒண்டுதான் தம்பி. என்னட்டைப் பொய் சொல்லாதை." நான் சொல்லமாட்டேன் என்றேன். அந்த நேரம் அதை மனதாரத்தான் சொன்னேன்.

தொண்ணூறாம் ஆண்டு திரும்பவும் சண்டை தொடங்கி, வெளியிலிருந்து சாமான் வரும் ஆனையிறவுப் பாதை மூடியது. அதே வருடம் மாரி தொடங்கும் நேரத்தில் பட்டினத்துச் சோனகர் எல்லோரையும் இயக்கக்காரர் ஒரே நாளில் போகச் சொன்னார்கள். எனக்கு அது இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். சரீபு நானாவின் கடை திறந்தபடி கிடந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. அவருடைய வீட்டு வாசலில் ஒரு பூனை படுத்திருந்தது. கேட்பதற்கும் ஒரு ஆள் இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டோமே என்ற நினைப்பு. அவர் எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாங்கள் யாரும் அதைத் தடுக்கவில்லை, பிள்ளை. பிழை என்று வாய் திறந்து சொல்லவும் இல்லை. அதையும் நீ தெரிந்துகொள்.

அதன்பிறகு எல்லாம் மாறியது. மண்ணெண்ணெய் இல்லை, உழவு இயந்திரம் படுத்துவிட்டது. பசளை வராது. முன்பு எங்கள் வேலிப்பக்கம் மூக்கைச் சுளித்துக்கொண்டு போனவர்கள் கடகத்தோடு வந்து எரு கேட்டார்கள். எங்கள் மாடுகளை இரவில் தங்கள் தோட்டத்தில் கட்டச் சொல்லிக் கேட்டார்கள், சாணமும் சலமும் மண்ணுக்கு விழட்டும் என்று. எங்கள் இரண்டு நாம்பனை வண்டிலுக்குப் பழக்கினேன். இறைச்சிக்கோ வன்னியிலிருந்து மாடு வருவது நின்றுவிட்டதால் ஆட்கள் எங்கள் வளவுக்கே தேடி வந்தார்கள். கத்தி எங்கள் கைக்கு வந்தது. சூசை மாமா அதைப் பழகினார். நான் பழகவில்லை, ஆனால் கயிற்றைப் பிடித்தது நான்தான். அதனால் நான் மாமாவைவிடச் சுத்தமானவன் என்று நினைத்துவிடாதே.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு வைகாசியில் ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட பசு ஒன்று காணாமல் போனது. இரண்டாம் நாள் காலையில் சிவக்கொழுந்து அக்காவும் ஊர் மனிதர் மூன்று பேரும் என்னைக் கூப்பிட வந்தார்கள். "நீ மாட்டுக்காரன், வந்து பார்" என்றார்கள். தரவை ஓரத்து வடலிக்குள் மணல் இரத்தம் காய்ந்து கறுத்துப் போயிருந்தது. பக்கத்தில் ஒரு பனையில் கயிற்றுத் துண்டு ஒன்று சுற்றிக் கிடந்தது, அவசரத்தில் கத்தியால் வெட்டிய துண்டு. நான் குனிந்து பார்த்தேன். வள்ளம் கட்டும் முடிச்சு. எங்கள் குடியேற்றத்தில் பன்னிரண்டு வீட்டு ஆண்களும் போடும் முடிச்சு. ஆனால் இது மறுபக்கம் திரும்பியிருந்தது. அப்படி இடக்கையால் போடுபவர் எங்களில் ஒரே ஆள், உன் சூசை மாமா.

"என்ன முடிச்சு தம்பி இது? நாங்கள் உப்பிடிப் போடுறேல்லை" என்று அக்கா கேட்டார். என் விரல்கள் அதற்குள் அதை அவிழ்க்கத் தொடங்கிவிட்டன. "என்ன கயிறு எண்டு பாக்கிறன்" என்று சொல்லிக்கொண்டே அவிழ்த்துக் கயிற்றை நீட்டிப் பிடித்தேன். "எல்லாரும் போடுற முடிச்சுத்தான் அக்கா. ஆர் எண்டு சொல்லேலாது" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து மாமாவைக் கேட்டேன். நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். அவர் மறுக்கவில்லை. "இருட்டிலை கோயில் மாடு எண்டு தெரியேல்லை அத்தான்" என்றார். "தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டா. "இஞ்சேருங்கோ, இவனைக் குடுத்திடாதேங்கோ. கூட்டிக்கொண்டு போனால் திரும்பி வரமாட்டான்." அது உண்மைதான். அந்த நாட்களில் களவு என்று பெயர் பட்டவர்களைக் கூட்டிக்கொண்டு போய் என்ன செய்தார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஒரு பசுவுக்காக ஒரு மனிதனைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்கும் வராது.

அன்று பின்னேரம் கோயில் முன்றலில் ஊர் கூடியது. நாங்கள் மதிலுக்கு வெளியே நின்றோம். குடியேற்றத்து ஆட்களைக் கிணற்றடிக்கு விடக்கூடாது என்று ஒருவர் சொன்னார். விசாரிக்கிற இயக்கக்காரரிடம் எங்கள் எல்லோருடைய பெயரையும் கொடுப்போம் என்று இன்னொருவர் சொன்னார். அப்போது சிவக்கொழுந்து அக்கா எழும்பினார். "பன்னிரண்டு குடும்பம். அதிலை குமர், குஞ்சு எல்லாம் இருக்கு. பேரைக் குடுத்திட்டு நாங்கள் நித்திரை கொள்ளுறதோ? அந்த மாட்டுக்காரத் தம்பி என்னட்டை ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அவையள் செய்யேல்லை எண்டு நான் சொல்லுறன்." ஒருவர், "சத்தியம் பண்ணுவியளோ?" என்று கேட்டார். அக்கா உள்ளே போனார். கற்பூரம் கொளுத்தச் சொல்லி, பிள்ளையார் முன்னால் உள்ளங்கையால் அதை அடித்து அணைத்தார். அந்தச் சத்தம் எனக்கு மதிலுக்கு வெளியே கேட்டது. நான் வாய் திறக்கவில்லை.

ஊர் அடங்கியது. கிணறு திறந்தே இருந்தது. மாமாவும் எட்டு மாதம் எங்களோடு இருந்துவிட்டு, கிளாலியால் வள்ளம் ஏறி நீரேரி தாண்டி வன்னிக்குப் போய், மன்னாரால் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்தார். மண்டபம் அகதி முகாமிலிருந்து கடிதம் வந்தபோது அம்மா அழுதா, நானும் மூச்சு விட்டேன். அதற்கு அடுத்த நாளே நான் அக்காவிடம் போயிருக்கவேண்டும். இனி யாருக்கும் ஆபத்து இல்லை. போகவில்லை, பிள்ளை. நாளைக்கு, நாளைக்கு என்று ஏழு மாதம் போனது. அந்த ஏழு மாதத்துக்குள் அவர் எனக்கு இன்னும் ஒரு நாம்பன் கன்று தந்தார். நான் கைநீட்டி வாங்கினேன். மாமாவுக்காகப் பேசாமல் இருந்ததற்கு எனக்கு வெட்கம் இல்லை. அந்தக் கன்றின் கயிற்றை வாங்கிய கைக்குத்தான் இன்றுவரை வெட்கம்.

கடைசியில் சொன்னேன். புரட்டாதியில் ஒரு காலை அவர் புகையிலை நாற்றுக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். நான் மண்வெட்டியை வாங்கி இரண்டு பாத்திக்கு மாறிக் கொடுத்தேன். பிறகு சொன்னேன், "அக்கா, அந்த முடிச்சு எனக்குத் தெரிஞ்ச முடிச்சு. என்ரை மச்சான்தான்." தண்ணீர் பாத்தி நிறைந்து வழியத் தொடங்கியது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"எப்ப தெரியும்?"

"பாத்த உடனையே."

"நான் கற்பூரம் அடிக்கேக்கை வெளியிலை நிண்டனியோ?"

"ஓம்."

அவர் என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினார். "ஒரு உயிருக்காண்டி மறைச்சனீ. அதை நான் விளங்கிக்கொள்ளுவன். அப்பவே என்னட்டை மட்டும் வந்து சொல்லியிருந்தாலும் நான் அந்தச் சத்தியத்தைப் பண்ணித்தான் இருப்பன். தெரிஞ்சு கொண்டு பண்ணியிருப்பன். நீ என்னைத் தெரியாமல் பண்ண வைச்சுப்போட்டாய்." அவ்வளவுதான் சொன்னார். "இனி இஞ்சாலை வராதை" என்று மட்டும் கடைசியில் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை அவர் தன்னுடைய நல்ல நாகு ஒன்றைக் கோயிலுக்குக் கொண்டுபோய் விட்டார். ஏன் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. நான் ஒரு மாட்டைக் கொண்டுபோய் அவருடைய வேலியில் கட்டினேன். அடுத்த நாள் விடிய அது எங்கள் வேலியில் கட்டி நின்றது. கிணற்றுப் படலையை அவர் பூட்டவில்லை. அம்மா தண்ணீருக்குப் போனால் துலாவை விட்டு விலகிப் போய் வீட்டுக்குள் இருந்துவிடுவார். இரண்டு வருடம் அப்படி.

நீ கேட்டதற்கு என் பதில் இதுதான், பிள்ளை. உன் அம்மா உயிரோடு இருந்திருந்தால் தம்பியின் பெயரை எழுதவிட்டிருக்கமாட்டா. இப்போது அவவும் இல்லை, மாமாவும் இல்லை. அடுத்த மாதம் அவர்கள் வரும்போது நானாக இந்தப் பேச்சை எடுக்கமாட்டேன். என்ன தொழில் செய்தீர்கள் என்று கேட்டால் பொய்யும் சொல்லமாட்டேன். அதற்கு முதல் அந்தப் பெடியனிடம் நீ சொல்லிவிட வேண்டும். சொல்வதால் ஒன்றும் நடக்காது என்று நான் உனக்கு உறுதி தரமாட்டேன். அவர்களுக்கு மனம் கோணலாம். கோணட்டும். தெரிந்துகொண்டு கோணட்டும், தெரிந்துகொண்டு ஏற்கட்டும். உன்னை நம்பி ஒருவன் தன் தாய் தகப்பன் முன்னால் எழும்பி நிற்கிறான். அவனை ஒன்றும் தெரியாதவனாக நிற்க வைக்காதே. மாடு வளர்த்ததில் எனக்கு வெட்கம் இல்லை. அந்த நாம்பன்களால்தான் நீ படித்தாய், அந்தக் கொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துதான் எழுத்துக் கூட்டினாய். எனக்கு அவை என் வாழ்க்கையின் நல்ல வருடங்கள். வயது போகப் போக அதைத்தான் அதிகம் நினைக்கிறேன்.

இன்னும் ஒன்று சொல்ல இருக்கிறது. தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் முன்னேற, வலிகாமம் முழுக்க எழும்பி எங்கள் பக்கம் வந்தது உனக்கு நினைவிருக்கும், அப்போது உனக்குப் பதினொரு வயது. விடியற்காலை மழைக்குள் எழும்பிப் பார்க்கிறேன், தெருவில் கால் வைக்க இடமில்லை. கோப்பாய், இருபாலை, உரும்பிராய், பட்டினம், எல்லா இடத்து ஆட்களும். பள்ளிக்கூடம் நிறைந்து, கோயில்கள் நிறைந்து, பனைக்குக் கீழே ஓலையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் கொட்டிலில் நின்ற மாடுகளை அவிழ்த்து மழைக்குள் விட்டேன். நீயும் அம்மாவும் சாணம் வழித்து, சாம்பல் தூவி, காய்ந்த ஓலை பரப்பினீர்கள். ஐந்து குடும்பம் அதற்குள் இருந்தது. பிறந்து இருபது நாளான குழந்தை ஒன்றும் இருந்தது. இது எதற்கு வளர்த்த மாட்டின் கொட்டில் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு வயதான ஐயா மட்டும், நனைந்த வேட்டியோடு, மழையில் நின்ற மாடுகளைப் பார்த்து, "அதுகள் பாவம்" என்றார்.

நாலாம் நாள் காலை மழை கொஞ்சம் விட்டிருந்தது. வேலிப் பக்கம், "தம்பி" என்று குரல் கேட்டது. இரண்டு வருடமாகக் கேட்காத குரல். சிவக்கொழுந்து அக்கா ஒரு சிவப்புப் பசுவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோளில் ஒரு பை.

"வீடு முழுக்க ஆக்கள். இருக்கட்டும், நல்லது. நான் தங்கச்சியாக்களோடை கிளாலியாலை அங்காலை போறன். மற்ற ரெண்டையும் ஊரிலை பொறுப்புக் குடுத்திட்டன். இது தலையீத்து, சினை. இன்னும் ஒரு மாசத்திலை கண்டு போடும். ஆள் பக்கத்திலை நிக்கவேணும்."

"என்னட்டையோ அக்கா?"

"ஓம். உனக்கு மாடு பாக்கத் தெரியும்."

நான் வேலியடிக்குப் போனேன். கயிற்றை வாங்கவில்லை. "அக்கா, அந்தக் கோயில் விசயம்..." என்று தொடங்கினேன்.

அவர் கையை உயர்த்தினார். "அது முடிஞ்சுது எண்டு நான் சொல்லேல்லை. இது வேறை" என்றார். கயிற்றை என் கையில் வைத்து, பசுவின் நெற்றியை ஒரு தரம் தடவி, திரும்பிப் பார்க்காமல் தெருவில் போன சனத்துக்குள் போய்விட்டார்.

பசு மார்கழியில் ஒரு மத்தியானம் கன்று போட்டது. கன்றின் ஒரு கால் மடங்கி வந்தது. நான் முழங்கை வரை கைவிட்டு நிமிர்த்தி எடுத்தேன், நீ தலைப்பக்கம் இருந்து பசுவைத் தடவிக்கொண்டிருந்தாய். நாகு. பசுவின் பால் அன்றிலிருந்து கொட்டிலில் இருந்த அந்தக் குழந்தைக்குப் போனது. அக்கா திரும்பி வரவில்லை. வன்னியில், மல்லாவியில், காய்ச்சலில் இறந்துபோனார் என்று பல வருடம் கழித்து ஊர் ஆள் ஒருவர் சொன்னார். அதற்குள் நாங்கள் இரண்டு தடவை வீட்டை விட்டு ஓடித் திரும்பிவிட்டோம். மற்ற மாடுகள் போன இடம் தெரியாது. அந்தச் சிவப்புப் பசுவை மட்டும் இரண்டு தடவையும் கையில் பிடித்துக்கொண்டே ஓடினேன். அது கிழடாகி, பல் விழுந்து, பால் வற்றிய பிறகும் எத்தனையோ பேர் இறைச்சிக்கு வந்து கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை. நீ கொழும்பில் படித்துக்கொண்டிருந்த வருடம், ஒரு பங்குனி மாதம், அது படுத்தது எழும்பவில்லை. நான் தனியே இரண்டு நாள் கிடங்கு வெட்டி, தரவை ஓரத்தில் அதைத் தாட்டேன். உனக்கு அப்போது சொல்லவில்லை.